பொம்மைகளின் இயக்குநர்: செர்கேய் ஒப்ராஸ்த்சோவ்

பொம்மலாட்டம் என்றாலே குழந்தைகளுக்கானது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தை மாற்றிக் காட்டியவர் ரஷ்யாவின் செர்கேய் ஒப்ராஸ்த்சோவ்.

1901-ல் மாஸ்கோவில் பிறந்த இவர் முதலில் படித்தது ஓவியம். 1922 முதல் இசை நாடகங்களில் நடித்தார். நடிப்பு போக மிச்ச நேரத்தில் பொம்மைகளை ஆட்டிக்கொண்டே பாடுவார். 'தியாப்பா' என்ற குழந்தைப் பொம்மைக்கு அவர் தாலாட்டுப் பாடும் காட்சி மிகவும் பிரபலம். இன்னொரு காட்சியில் பொம்மையே கிடையாது. விரல்களில் இரண்டு பந்துகளை மாட்டிக்கொள்வார், அவ்வளவுதான். அவை காதலர்களாகிவிடும்!

1931-ல் மாஸ்கோவில் மத்திய பொம்மலாட்ட அரங்கம் தொடங்கியபோது அதன் இயக்குநரானார். அங்கே 1946-ல் பெரியவர்களுக்காக ஒரு நாடகம் போட்டார். பெயர் 'சாதாரணக் கச்சேரி'. பந்தா காட்டும் அறிவிப்பாளர், அலட்டிக்கொள்ளும் பாடகர்கள் என்று மேடை உலகத்தையே அதில் கிண்டல் செய்திருந்தார். சோவியத் கலைஞர்களைக் கேவலப்படுத்துகிறது என்று எதிர்ப்பு வந்தது. பிற்பாடு 'அசாதாரணக் கச்சேரி' என்று பெயர் மாறி, உலக நாடுகளையெல்லாம் சுற்றியது.

எவ்வளவு பெரிய நடிகரும் ஒரு தனி மனிதரைத்தான் காட்ட முடியும், மனிதன் என்ற பொது உருவத்தைப் பொம்மையால்தான் காட்ட முடியும் என்பது அவர் கருத்து. அந்தக் கிண்டல் யாரோ ஒருவரைச் சொல்லாமல் எல்லோரையும் சுட்டது அதனால்தான்.

1970-ல் அரங்கத்துக்குப் புதிய கட்டடம் கிடைத்தது. அதன் முகப்புக் கடிகாரத்தில் பன்னிரண்டு கதவுகள், உள்ளே பன்னிரண்டு விலங்குப் பொம்மைகள். 1992-ல் ஒப்ராஸ்த்சோவ் மறைந்தார். அரங்கம் இன்று அவர் பெயரிலேயே இருக்கிறது.