தவளையின் கால்

க்ளோத் பெர்னாரை நம்மில் பலர் அறிந்திருப்பது எமிலி ஸோலா மூலமாகத்தான். பரிசோதனை மருத்துவம் பற்றி 1865ல் பெர்னார் எழுதிய நூலில் மருத்துவன் என்று வருகிற இடங்களில் நாவலாசிரியன் என்று போட்டுக்கொண்டால் போதும் என்கிற ரீதியில், 1880ல் ஸோலா தன் நாவல் கொள்கையை எழுதினார். ஆங்கில இலக்கியம் படிப்பவனுக்குப் பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆனால் எழுத்தாளன் பெர்னாரிடம் படிக்க வேண்டியது வேறொன்று என்பது என் அபிப்பிராயம். அந்த நூலுக்கு ஒரு வருஷம் முந்தி, 1864ல், ‘ரெவ்யூ தே தோ மோந்த்’ என்ற பாரிஸ் பத்திரிகையில் க்யூராரே விஷம் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். வைத்தியர்களின் பத்திரிகை அல்ல அது. இலக்கியமும் அரசியலும் வெளியிட்ட பத்திரிகை.

க்யூராரே, அமேசான், ஒரினோகோ காடுகளின் வேட்டைக்காரர்கள் கொடிப் பட்டைகளிலிருந்து காய்ச்சி எடுத்த அம்பு விஷம். அம்பு தைத்த மிருகம் துடிப்பதில்லை, கத்துவதில்லை, தளர்ந்து சரிகிறது. மூச்சு நின்று சாகிறது. பார்த்தவர்களுக்கு இது அமைதியான சாவாகப்பட்டது. பெர்னார் அந்த அமைதியை நம்பவில்லை. தவளையின் ஒரு பின்னங்காலுக்கு ரத்தம் போகாமல் கட்டிவிட்டு உடம்பில் விஷத்தைச் செலுத்தினார். தவளை செத்தது போல் கிடந்தது. செயலற்றுக் கிடந்த பாகத்தைக் கிள்ளியபோது, விஷம் எட்டாத அந்தக் கால் மட்டும் உதைத்தது. அதாவது, கிள்ளியது உள்ளே போய்ச் சேர்கிறது; பதில் வெளியே வரத்தான் வழியில்லை. நரம்பு தசையைத் தொடுகிற இடத்தில் அடைப்பு. அசைவற்ற உடம்புக்குள் உணர்ச்சியும் புத்தியும் பழுதில்லாமல் இருக்கின்றன என்றும், மனிதக் கற்பனைக்கு எட்டக்கூடிய வேதனைகளில் இதைவிடக் கொடியது இல்லை என்றும் பெர்னார் வாசகர்களிடம் சொன்னார்.

இந்த விஷத்துக்கு முறிவும் ஒரு விஷம்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் காலபார் பகுதியில், குற்றம் சாட்டப்பட்டவனுக்கு ஒரு வகை அவரை விதையைக் கரைத்துக் கொடுப்பார்கள். வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி. செத்தால் குற்றவாளி. அந்த விதையின் சாரத்தைப் பிரித்து ஃபிசோஸ்டிக்மின் என்று பெயரிட்டதும் அதே 1864ல்தான். 1900ல் வியன்னாவில் யாகோப் பால், க்யூராரேயால் மூச்சடங்கிய நாய்க்கு அதைக் கொடுத்தபோது நாய் மூச்சுவிடத் தொடங்கியது. க்யூராரே ஆபரேஷன் அறைக்குள் நுழைவதற்கு நாற்பது வருஷங்களுக்கு மேல் முன்பே அதன் முறிவு அச்சில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நுழைந்தது 1942 ஜனவரி 23, மாண்ட்ரியலில். ஹெரால்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும், சைக்ளோபுரோபேன் வாயுவில் தூங்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞனுக்குக் குடல்வால் அறுவையின்போது க்யூராரே கொடுத்தார்கள். வயிற்றுத் தசை தளர்ந்தது. அதுவரை தசையைத் தளர்த்த வேண்டுமானால் மயக்கத்தை ஆபத்தான ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இனி லேசான தூக்கம் போதும். இந்த வசதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. இன்றைய பெரிய அறுவை சிகிச்சைகள் பல இதன் மேல்தான் நிற்கின்றன. ஆனால் அடுத்த சில வருஷங்களில் நடந்தது விசித்திரம். க்யூராரேவே உணர்வையும் போக்குகிறது என்று சில மருத்துவர்கள் நம்பினார்கள். அதை மட்டும் கொடுத்து அறுவை செய்ததும் உண்டு, பெரும்பாலும் குழந்தைகளுக்கு. வலித்தது என்று பின்னால் சொன்னவர்களை நம்பவில்லை. பெர்னார் எழுதி எண்பது வருஷம் ஆகியிருந்தது.

1947ல் அமெரிக்காவின் யூட்டாவில் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்க மருத்துவர் தானே படுத்துக்கொண்டார். மூச்சை நிறுத்தத் தேவையானதைப் போல் இரண்டரை மடங்கு ட்யூபோகுராரின். சகாக்கள் செயற்கை சுவாசம் கொடுத்தார்கள், ஊசியால் குத்தினார்கள், கேள்வி கேட்டார்கள். எழுந்த பிறகு அவர் எல்லாவற்றையும் ஒப்பித்தார். பிரக்ஞை ஒரு கணமும் மங்கவில்லை; வலியும் குறையவில்லை. தவளை சொல்ல முடியாததை ஒரு மனிதன் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழில் ‘மயக்க மருந்து’ என்ற ஒரே சொல்லால் தூங்கவைப்பதையும் கட்டிப்போடுவதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். முறிவு மருந்து திருப்பித் தருவது இரண்டாவதை மட்டும். நரம்பு முனையிலிருந்து வரும் அசிட்டைல்கோலின் தசையில் போய் உட்கார வேண்டிய இடத்தில் க்யூராரே உட்கார்ந்துகொள்கிறது. காலபார் அவரையின் வழியில் செயற்கையாகச் செய்யப்பட்ட நியோஸ்டிக்மின், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. அது பெருகிக் க்யூராரேயை நெட்டித் தள்ளுகிறது. இதயத் துடிப்பு குறைந்துவிடும் என்பதால் கூடவே அட்ரோபின். லிவர்பூல் மருத்துவர்கள் இதை வாடிக்கையாக்கினார்கள். அவசியம் இருந்தது: 1954ல் பீச்சர், டாட் இருவரும் சுமார் ஆறு லட்சம் கேஸ்களை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கில், மயக்க மருந்தால் நேர்ந்த மரணம் தசை தளர்த்திகள் இல்லாமல் 2,100க்கு ஒன்று, அவற்றோடு 370க்கு ஒன்று. விஷமே காரணமா, கையாண்ட விதமா என்று சண்டை நடந்தது. 2008ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற சுகமாடெக்ஸ் வேறு வழியில் வேலை செய்கிறது. சர்க்கரை வளையம் ஒன்று, ராக்யூரோனியம் என்ற தளர்த்தியின் மூலக்கூறைத் தன் குழிக்குள் விழுங்கிக்கொள்கிறது. நிமிஷக் கணக்கில் உடம்பு திரும்பிவிடுகிறது. அதுவரை உள்ளே இருந்தவன் தூங்கினானா என்ற கேள்விக்கு இதிலும் பதில் இல்லை.

அதைக் கேட்டவர் ஸ்காட்லாந்து அபர்டீனில் மைக்கேல் டன்ஸ்டால். சிசேரியனில் குழந்தையை உத்தேசித்துத் தாய்க்கு மயக்கத்தை லேசாக வைப்பார்கள். ஆகவே அவள் விழித்திருக்கக் கூடும். தளர்த்தி மருந்து கொடுப்பதற்கு முன் அவளுடைய ஒரு கையை ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையால் இறுக்கிவிட்டு, விழித்திருந்தால் என் கையை அழுத்து என்று கேட்டார். 1977ல் வெளியான முறை இது. பெர்னாரின் தவளைக் காலேதான். பிற்பாடு 2017ல் பல நாடுகளில் 260 பேரிடம் இவ்வாறு சோதித்ததில் 12 பேர் அழுத்தினார்கள்.

இப்படி அழுத்துகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பிறகு அது ஞாபகம் இருப்பதில்லை. ஆகவே இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்கிற நிபுணர்கள் உண்டு. எனக்கு இது உடன்பாடில்லை. ஞாபகத்தில் தங்காத வலி கணக்கில் சேராது என்றால், 1940களில் அறுக்கப்பட்ட அந்தக் குழந்தைகளுக்கும் ஒன்றும் நேரவில்லை என்று ஆகிவிடும். டன்ஸ்டாலின் பட்டை இன்றும் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்களின் சாதனமாகவே இருக்கிறது; அன்றாட ஆபரேஷன்களில் அதைக் கட்டுகிறவர்கள் சிலர்தான்.