லாயத்தின் மீது எழுந்த குவிமாடம்

குதிரை லாயத்தை அரபியில் ‘இஸ்தப்ல்’ என்பர். இலத்தீன் மொழியின் ‘ஸ்டாபுலும்’ கிரேக்கத்தின் வழியே அரபுக்கு வந்து பெற்ற வடிவம் இது. ஆங்கிலத்தின் ‘ஸ்டேபிள்’ என்பதும் அதே வேரினதே. சொல் மேற்கிலிருந்து கிழக்கே வந்தது. குவிமாடமோ கிழக்கிலிருந்து மேற்கே சென்று ஒரு லாயத்தின் மீதே அமர்ந்தது. இங்கிலாந்தின் கடற்கரை நகரான பிரைட்டனில் 1803 முதல் 1808 வரை கட்டப்பட்ட அரச லாயத்தைத்தான் குறிப்பிடுகிறோம்.

பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசருக்காக அதை வடிவமைத்தவர் வில்லியம் போர்டன். இவர் இந்தியாவைக் கண்டவரல்லர். தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் மதுரை வரை சுற்றி வரைந்து சென்ற ஓவியங்களே அந்நாளில் முகலாயக் கட்டடங்களை ஆங்கிலேயர் கண்முன் நிறுத்தின. கூர்முனை வளைவுகளும் சிறு கோபுரங்களும் சூழ, ஏறத்தாழ 80 அடி விட்டமுள்ள குவிமாடம் எழுந்தது. அதன் கீழ் வட்ட முற்றம். சுற்றிலும் 44 குதிரைகளுக்கான கொட்டில்கள். மேல்தளத்தில் குதிரைக்காரர்களின் அறைகள். அருகிருந்த அரண்மனை அப்போது ஐரோப்பிய பாணியிலேயே இருந்தது. 1815க்குப் பின்னரே ஜான் நாஷ் அதை இந்தியத் தோற்றத்திற்கு மாற்றினார். ஆக, லாயத்தைப் பார்த்து அரண்மனை உடை மாற்றிக்கொண்டது எனலாம். தொழுகைக் கூடத்தின் மீதும் இறைநேசர்களின் அடக்கத்தலத்தின் மீதும் நாம் கண்டு பழகிய ‘குப்பா’, அங்கே அழகு என்ற ஒன்றுக்காகவே விரும்பப்பட்டது.

1850இல் பிரைட்டன் நகராட்சி அரண்மனை வளாகத்தை அரச குடும்பத்திடமிருந்து விலைக்கு வாங்கியது. 1867இல் லாயம் இசையரங்கமாயிற்று. குதிரையேற்றப் பயிற்சிக் கூடம் தானியச் சந்தையாகியது. 1873இல் ஒரு பகுதியில் நூலகமும் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டன. அரங்கின் உட்புறம் 1934-35இல் ராபர்ட் அட்கின்சனால் முற்றிலும் புதுப்பிக்கப்பட்டது.

இவற்றுக்கிடையே வந்த ஒரு பயன்பாடுதான் நம் கவனத்திற்குரியது. முதல் உலகப் போரில் பிரான்சில் காயமுற்ற இந்திய வீரர்களுக்காக 1914 டிசம்பரில் அரண்மனையும் இந்த லாயக் கட்டடங்களும் மருத்துவமனையாக்கப்பட்டன. 1916 தொடக்கம் வரை 4,000க்கும் மேற்பட்டோர் அங்கே சிகிச்சை பெற்றனர். குதிரைகள் நின்ற வட்டத்தில் கட்டில்கள் வரிசையாக இடப்பட்டன. ஒன்பது சமையற்கூடங்கள், முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள், உருது, ஹிந்தி, குர்முகி எழுத்துகளில் அறிவிப்புகள். கிழக்குப் புல்வெளியில் முஸ்லிம்கள் தொழ இடம் ஒதுக்கப்பட்டது. அங்கிருந்து கிப்லா தென்கிழக்கே ஆகும்.

இப்பரிவில் அரசியலும் கலந்திருந்தது. மன்னர் தம் அரண்மனையையே இந்தியச் சிப்பாய்களுக்கு விட்டுக்கொடுத்தார் என்ற எண்ணம் திட்டமிட்டு வளர்க்கப்பட்டது. நிழற்படங்களும் அஞ்சலட்டைகளும் அதைப் பரப்பின. ஆனால் கட்டடம் மன்னருடையதாக இல்லாமற்போய் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. உதுமானியக் கலீஃபாவுக்கு எதிரணியில் நின்று போரிட வேண்டிய நிலையிலிருந்த முஸ்லிம் வீரர்களின் மனத்தை அரசு எவ்வளவு அஞ்சியது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். ஹலால் உணவுக்கான அக்கறையைப் பாராட்டும்போதே இந்த அச்சத்தையும் கணக்கில் சேர்ப்பது வரலாற்று நேர்மை.

அங்கே உயிர்நீத்த இந்துக்களும் சீக்கியர்களும் நகருக்கு வெளியே குன்றொன்றில் எரியூட்டப்பட்டனர். முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் வோக்கிங் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. போபால் பேகம் ஷாஜஹானின் பொருளுதவியால் 1889இல் எழுந்த பள்ளிவாசல் அங்கே இருந்தது. அதனருகே அமைந்த அடக்கத்தலத்திற்கு மதிற்சுவரும் குவிமாட வாயிலும் 1917இல் கட்டி முடிக்கப்பட்டன. கப்ருகள் 1960களின் இறுதியில் புரூக்வுட் இராணுவ அடக்கத்தலத்திற்கு மாற்றப்பட்டன. வெறுமையாகக் கிடந்த மதில் சூழ்ந்த அவ்விடம் 2015இல் நினைவுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது.