நாற்பது பெயர்கள்: பாளையங்கோட்டைச் சபையின் தோற்றமும் தொடக்க வளர்ச்சியும்

ஒரு திருச்சபையின் வரலாற்றை அதன் குருமார்களிலிருந்து தொடங்குவதே எழுதுவோர் மரபு. பாளையங்கோட்டைச் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாறு அம்மரபுக்குள் அடங்குவதில்லை. அங்கே நிலையாகத் தங்கிப் பணியாற்றும் குரு வருமுன்னரே சபை இருந்தது. அச்சபை உருவாக ஒரு பெண் காரணமாக இருந்தார்.

அவர் தஞ்சையைச் சார்ந்த மராத்திய அந்தணக் குலத்துக் கைம்பெண். லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி அவரை உடன்கட்டைத் தீயினின்று மீட்டார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. அவ்வதிகாரியுடன் வாழ்ந்த காலத்தில் அவரிடமே கிறித்தவ நெறியையும் கற்றார். ஆயினும் அவர் திருமுழுக்கு வேண்டியபோது, மணம் புரியாத அவ்வாழ்வைக் காரணங்காட்டிச் சுவார்ட்சு ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்தபின், 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்த அதே சுவார்ட்சு அவருக்குத் திருமுழுக்களித்தார். குளோரிந்தா என்னும் பெயரும் சூட்டினார். பிறந்த குலம் அவரை விலக்கியது. நாடிய நெறியும் முதலில் வாயிலிலேயே நிறுத்தியது. இவ்விரு மறுப்புகளையும் தாங்கிய ஒருவரே பிறருக்கு வாயில் திறந்தார் என்பது எண்ணத்தக்கது.

1780இல் எழுதப்பெற்ற சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் உள்ளன. முதற்பெயர் குளோரிந்தா. வெவ்வேறு சாதியினர் அப்பட்டியலில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றனர். சாதி வேற்றுமை அத்துடன் ஒழிந்தது என்று கொள்ளுதல் மிகையாகும். சபைக்குள்ளும் அது நெடுங்காலம் தொடர்ந்தது. எனினும், ஒரே ஏட்டில் ஒருங்கே எழுதப்பெறுதலும் அக்காலத்தில் சிறு செயலன்று.

பெரும்பாலும் குளோரிந்தாவின் பொருளாலும், கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் சிலரின் உதவியாலும் எழுந்த கோயில் 1785இல் அர்ப்பணிக்கப்பெற்றது. தஞ்சையிலிருந்து அனுப்பப்பெற்ற உபதேசியார் சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றார். பின்னர்ச் சபை கோட்டைப்புறத்தைக் கடந்து சிற்றூர்களை எட்டியது. சாத்தான்குளம் வட்டாரத்தில் தாவீது சுந்தரானந்தம் பணியாற்றினார். புதுநெறி ஏற்றமையால் ஊரில் துன்புற்றோருக்கென 1799இல் முதலூர் என்னும் குடியிருப்பு தோன்றியது. 1802 அளவில் திருமுழுக்குப் பெற்றோர் ஆயிரக்கணக்கில் பெருகினர். நாற்பதின்மர் ஏடு இருபத்திரண்டு ஆண்டுகளில் அடைந்த விரிவு இது.

கவிஞர்களாகிய நமக்கு இவ்வரலாற்றில் நெருங்கிய உறவொன்று உண்டு. இத்தொடக்கச் சபையைச் சார்ந்த தேவசகாயம் ஒரு புலவர். அவருடைய மைந்தனைச் சுவார்ட்சு 1785இல் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். அச்சிறுவனே பின்னாளில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார். குறவஞ்சி என்னும் நம் மரபு வடிவத்துள் புதிய பாடுபொருள் புகுந்த வழியைத் தேடினால், அஃது இச்சிறு சபையின் முற்றத்திலும் நம்மைக் கொண்டு நிறுத்தும்.

குளோரிந்தா 1806இல் மறைந்தார். 1915இல் அ. மாதவையா அவர் கதையை ஆங்கிலத்தில் நாவலாக்கினார். அவர் எழுப்பிய கோயிலையோ மக்கள் 'பாப்பாத்தி அம்மாள் கோயில்' என்றே வழங்கினர். ஏடு அவரை ஏற்ற பெயரால் காக்கிறது. ஊர் வழக்கு அவரை நீக்கிய குலத்தின் பெயரால் காக்கிறது. வரலாறு எழுதுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.