தீர்ப்புக்கு முன் நடந்தவர்கள்

ஊர்வலம் என்றால் என்ன என்று தமிழனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? சுவாமி புறப்பாடு, கல்யாண ஊர்வலம், கட்சி ஊர்வலம் என்று பிறந்தது முதல் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறான். ஆனால் 2009-ஆம் வருஷம் ஜூன் 28-ந் தேதி மெரினாக் கடற்கரையில் போனது, சென்னை அதுவரை கண்டிராத ஊர்வலம். ஆணை நேசிக்கும் ஆண்களும், பெண்ணை நேசிக்கும் பெண்களும், திருநங்கைகளும், அவர்களுடைய நண்பர்களும் வானவில் கொடி ஏந்தி நடந்தார்கள்.

அந்தத் தேதி எங்கிருந்து வந்தது? 1969-ல் அதே ஜூன் 28-ந் தேதி, நியூயார்க்கில் ஸ்டோன்வால் என்ற மதுவிடுதிக்குள் போலீஸார் புகுந்தபோது, அங்கே இருந்தவர்கள் முதல் தடவையாகப் பணிய மறுத்தார்கள். மறு வருஷம் அதே நாளில் அங்கே ஊர்வலம் போயிற்று. இந்தியாவில் முதல் ஊர்வலம் கல்கத்தாவில், 1999 ஜூலை 2-ந் தேதி. நடந்தவர்கள் சுமார் 15 பேர்!

இன்னொரு தேதியையும் கவனியுங்கள். மெக்காலே நகல் எழுதி 1860-ல் சட்டமான தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு, இவர்களுடைய அன்பைக் குற்றமாக்கி வைத்திருந்தது. அதன் பல்லை டில்லி ஹைகோர்ட்டு பிடுங்கியது 2009 ஜூலை 2-ந் தேதி. சென்னையில் ஊர்வலம் போய் நான்கு நாள் கழித்து, கல்கத்தாவில் நடந்து சரியாகப் பத்து வருஷம் கழித்து. தீர்ப்பு வரட்டும் என்று இவர்கள் காத்திருக்கவில்லை.

நமக்கு இது புதிதா? புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் 1920-களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டன. அவற்றைச் செல்லத்தக்கவையாக்கிய சட்டத் திருத்தம் வந்தது 1967-ல். சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகத்தில் கூடி அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைகளும் எந்தக் கோர்ட்டையும் கேட்டுக்கொண்டு போகவில்லை.

சரி, அப்படி நடப்பதால் என்ன கிடைக்கிறது? தாம்பரத்து இளைஞன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். புறநகரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். "எப்போப்பா கல்யாணம்?" என்று வீட்டுக்காரரும் கேட்கிறார், மளிகைக் கடைக்காரரும் கேட்கிறார். அவர்களுக்குப் பொய் சொல்லிச் சொல்லி, கடைசியில் தனக்கே பொய் சொல்லிக்கொள்ளப் பழகிவிடுகிறான். 1931 முதல் தாம்பரத்தையும் கடற்கரை நிலையத்தையும் இணைக்கும் மின்சார ரயில் அவனைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே அவனை யாருக்கும் தெரியாது. அது ஒரு நிம்மதிதான். ஆனால் யாருக்கும் தெரியாதவனாக இருப்பது வேறு, நாலு பேரில் ஒருவனாக இருப்பது வேறு. ஊர்வலத்தில் பக்கத்தில் நடப்பவர், "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டு, "நான் சேலையூர்தான்" என்று சிரித்தால் போதும். தன் ஊரிலேயே தான் தனி ஆள் அல்ல என்று தெரிந்துகொள்ள அவன் கடற்கரை வரை வரவேண்டியிருக்கிறது!

தீர்ப்புகளை மட்டும் நம்பியிருந்தால் அந்த மனசு என்ன பாடுபட்டிருக்கும்? 2013 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அவனை மறுபடியும் குற்றவாளியாக்கியது. 2018 செப்டம்பரில் அதே கோர்ட்டு விடுவித்தது. 2023-ல் அவனுக்குத் திருமண உரிமை தர மறுத்தது. ஆனால் 2021-ல் சென்னை ஹைகோர்ட்டில் ஒன்று நடந்தது. காதலித்த இரண்டு பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தமக்கு முழுக்கப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, மனோதத்துவ நிபுணரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். அதன் பிறகே, இவர்களை 'மாற்றுகிறேன்' என்று சொல்லிச் செய்யும் வைத்தியத்துக்குத் தடை விதித்தார்.

நீதிபதிக்கே பாடம் கேட்கும் மனசு வந்தது. பெற்றவர்களுக்கு வராதா? வரும். அதுவரையில், மகன் தன்னைத் தானே வெறுக்காமல் இருக்க வேண்டும். அவ்வளவுக்காகத்தான் அவன் நடக்கிறான்.