ஐந்து மில்லிமீட்டரின் வரலாறு: யாதவகிரி ஜாவா முதல் காற்று ஷாக் வரை

இது நீண்ட பதிவு. மொழியியல் மாணவர்களும் வண்டிகளில் ஆர்வம் கொண்டோரும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

மைசூரு விஜயநகர் இரண்டாம் ஸ்டேஜில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் பொறியியல் மாணவர் ஒருவர் வசிக்கிறார். சென்ற மாதம் அவர் பழைய மலைமிதிவண்டி ஒன்றை வாங்கி வந்தார். அதன் பின்புறக் காற்று ஷாக்கின் மீது 210×50 என்று அச்சிடப்பட்டிருந்தது. முதல் எண், ஷாக்கின் இரு முனைத் துளைகளுக்கு இடைப்பட்ட நீளம். இரண்டாம் எண், முழுமையாக அழுந்தும்போது அந்நீளத்தில் குறையும் அளவு, இதுவே ஸ்ட்ரோக். இரண்டும் மில்லிமீட்டர் கணக்கு. உள்ளே தண்டின் மீது மாட்டப்பட்டிருக்கும் சிறு பிளாஸ்டிக் ஸ்பேசரை எடுத்துவிட்டால் 50 என்பது 55 ஆகிவிடும் என்று அவர் அறிந்திருந்தார். "அக்கா, அஞ்சு மில்லிமீட்டர்தானே, எடுத்துடலாமா?" என்று கேட்டார்.

அந்தத் 'தானே' என்ற இடைச்சொல்தான் இப்பதிவை எழுதத் தூண்டியது. ஷாக்கில் ஐந்து மில்லிமீட்டர் கூடினால் சக்கரத்திலும் ஐந்து மில்லிமீட்டரே கூடும் என்ற நம்பிக்கை அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் அந்நம்பிக்கை ஏறத்தாழ உண்மையாகவே இருந்தது. எப்போது அது பொய்யானது என்பதை அறிய, எங்கள் வீட்டிலிருந்து வெகு தொலைவில் இல்லாத யாதவகிரியிலிருந்து தொடங்கலாம்.

ருஸ்தம் இரானி, ஃபரூக் இரானி ஆகியோரின் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 இல் மைசூரில் மோட்டார் சைக்கிள் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலையைத் திறந்து வைத்தவர் ஜயசாமராஜேந்திர உடையார். செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா நிறுவனத்தின் உரிமத்தின்கீழ் இங்கு உருவான முதல் வண்டிகள் 353 வகையைச் சேர்ந்தவை. 'ஜாவா' என்ற பெயரே இரு சொற்களின் முதலசைகள் சேர்ந்த கூட்டு. யானெச்செக் என்னும் உரிமையாளரின் பெயரும், அவர் 1929 இல் உற்பத்தி உரிமம் பெற்ற ஜெர்மானிய வாண்டரர் வண்டியின் பெயரும் அதில் இணைந்துள்ளன.

மொழியியல் மாணவர்க்கு இதனினும் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1946 இல் வெளிவந்த ஜாவா 250 வண்டியைச் செக் மக்கள் 'பேராக்' என்று அழைத்தனர். 'பேரோ' என்றால் சுருள்வில். அவ்வண்டியின் பின்சக்கரம் இருபுறமும் வில் பொதிந்த குழல்களுக்குள் மேலும் கீழும் நகர்ந்தது. பெயர் அதனால் வந்தது. 1954 இல் வந்த 353 வகைக்கு அவர்கள் இட்ட பெயர் 'கீவச்கா'. பின்சக்கரத்தைத் தாங்கி ஊசலாடும் கவையை, அதாவது நாம் ஸ்விங் ஆர்ம் என்று சொல்வதை, அப்பெயர் குறிக்கிறது. அடுத்தடுத்து வந்த இரு வண்டிகளும் எஞ்சினால் அன்றி, பின்புற அதிர்வுதாங்கியின் அமைப்பாலேயே மக்கள் வாயில் பெயர் பெற்றன. உடலுக்கு முதலில் உறைத்த புதுமை அதுவே போலும்.

பேராக்கிலிருந்து கீவச்காவுக்கு மாறியதற்குத் தெளிவான காரணம் உண்டு. குழலுக்குள் சக்கர அச்சு நேர்கோட்டில் ஏறி இறங்கும்போது, முன்பல்சக்கரத்துக்கும் பின்பல்சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம் மாறுகிறது. சங்கிலி இறுகித் தளர்கிறது. ஆகவே சக்கரத்திற்கு அதிக அசைவு தர இயலாது. ஊசலாடும் கவையிலோ சக்கரம் எஞ்சினுக்கு அருகிலுள்ள ஓர் அச்சைச் சுற்றி வில்போன்ற பாதையில் நகர்கிறது; சங்கிலியின் இழுவிசை குறைவாகவே மாறுகிறது. அசைவைக் கூட்ட வேண்டுமானால் வண்டியின் மற்றொரு பகுதி அதற்கு இடம் தர வேண்டும் என்பதே இங்கு நாம் கற்கும் முதற்பாடம்.

யாதவகிரி வண்டிகளில் இரு ஷாக்குகளும் பின்சக்கர அச்சுக்கு அருகே, ஏறத்தாழ நிமிர்ந்து நின்றன. சக்கரம் எவ்வளவு உயர்ந்ததோ கிட்டத்தட்ட அவ்வளவே ஷாக்கும் சுருங்கியது. ஆகவே ஷாக்கின் வீச்சு, சக்கரத்தின் அசைவு ஆகிய இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டிய தேவை ஓட்டுநர்க்கு எழவில்லை. அவ்வண்டி விஷயத்தில் ஸ்ட்ரோக் என்றாலே எஞ்சினின் 'டூ ஸ்ட்ரோக்'தான். 75 மி.மீ. தூரம் ஏறி இறங்கும் பிஸ்டனின் நடை அது. எந்த வளையத்தையும் எடுத்து அதை மாற்றிவிட முடியாது.

பொருள் பிளவுபட்டது 1970களின் மோட்டோகிராஸ் பந்தயங்களில். மேடு பள்ளங்களில் பாயும் வண்டிகளுக்கு நீண்ட சக்கர அசைவு தேவைப்பட்டது. ஷாக்கையே அதே அளவுக்கு நீட்டினால் அதைப் பொருத்த இடமில்லை. எனவே வடிவமைப்பாளர்கள் ஷாக்கின் கீழ்முனையைச் சக்கர அச்சிலிருந்து முன்னோக்கி நகர்த்தினர். கவை நெம்புகோலாயிற்று, சிறிய வீச்சு பெரிய அசைவைத் தந்தது. பெல்ஜியப் பொறியாளர் லூசியன் டில்கென்ஸின் யோசனையை ஏற்ற யமஹா, இரு ஷாக்குகளுக்குப் பதிலாக ஒரே நீண்ட ஷாக்கைப் பெட்ரோல் தொட்டிக்கு அடியில் கிடத்தியது. அவ்வமைப்புடன் 1973 இல் ஹோகன் ஆண்டர்சன் 250 சிசி உலகப் பட்டம் வென்றார். பத்தாண்டுகளுக்குள் மோட்டோகிராஸ் வண்டிகளின் பின்சக்கர அசைவு ஏறத்தாழ 100 மில்லிமீட்டரிலிருந்து 300 வரை உயர்ந்தது. இருக்கையும் உயர்ந்தது, சங்கிலியைத் தாங்க உருளைகள் வந்தன.

அதே பத்தாண்டில் எஃகு வில்லுக்குப் பதிலாகக் காற்றும் நுழைந்தது. அமெரிக்காவின் பாப் ஃபாக்ஸ் உருவாக்கிய காற்று ஷாக்குகளுடன் கென்ட் ஹவர்ட்டன் 1976 இல் அந்நாட்டின் 500 சிசி தேசியப் பட்டத்தை வென்றார். காற்றுக்கு எடை மிகக் குறைவு. ஓட்டுநரின் எடைக்கேற்ப ஒரு பம்பினால் அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மனித ஆற்றலால் ஓடும் வண்டிக்கு இவ்விரு பண்புகளும் வரப்பிரசாதம். மோட்டோகிராஸ் உலகிலிருந்து வந்த பால் டர்னரின் ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் 1989 இல் மலைமிதிவண்டிக்கான முதல் முன்கவையை வெளியிட்டபோது, அதில் வில்லாக இருந்தது காற்றே. சக்கர அசைவு ஏறத்தாழ 50 மி.மீ. மட்டும்.

பின்னர் பின்சக்கரத்துக்கும் அதிர்வுதாங்கிகள் வந்தன. ஒவ்வொரு வடிவமைப்பாளரும் ஒவ்வொரு நெம்புகோல் விகிதத்தைக் கையாண்டனர். ஷாக்கின் அளவுகள் அங்குலக் கணக்கில் பலவாகச் சிதறின. 2016 இல் மில்லிமீட்டர் கணக்கிலான 'மெட்ரிக்' அளவுமுறை அறிமுகமாயிற்று. அதில் ஒரே நீளத்திற்குள் வீச்சு 2.5 மி.மீ. படிகளில் மாறும்: 210×50, 210×52.5, 210×55. பல மாடல்களில் இவற்றின் உடல் ஒன்றே. வேறுபாடு உள்ளிருக்கும் ஸ்பேசர் மட்டுமே. ஒரே உடலைச் செய்து பல சட்டங்களுக்கு ஏற்ப வரம்பிடுவது உற்பத்தியாளர்க்கு எளிது. மாணவர் எடுக்க நினைத்த வளையம் இவ்வாறு பிறந்தது.

இங்கு ஒரு குழப்பத்தைக் களைய வேண்டும். காற்று அறையின் கன அளவைக் குறைக்கும் துண்டுகளையும் ஸ்பேசர் என்றே அழைக்கின்றனர். அவை வீச்சை மாற்றுவதில்லை. இறுதிக் கட்டத்தில் ஷாக் எவ்வளவு விரைவாகக் கடினப்படுகிறது என்பதை மட்டுமே மாற்றுகின்றன. ஒரே சொல்லுக்கு இரு பொருள் இருப்பதால் தவறான துண்டை எடுப்போர் உண்டு.

இனி மாணவரின் வண்டிக்கு வருவோம். அதன் பின்சக்கர அசைவு 130 மி.மீ.; வீச்சு 50. விகிதம் 2.6. வீச்சு 55 ஆனால் சக்கர அசைவு ஏறத்தாழ 143. ஆகவே அவர் கேட்ட ஐந்து, சக்கரத்தில் பதின்மூன்று. அதற்கு இடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

ஷாக்கைப் பிரிக்காமலே இதை அறியலாம். ஷாக்கைச் சட்டத்திலிருந்து முழுவதுமாகக் கழற்றி வைத்தோம். பின்சக்கரத்தைக் கையால் உயர்த்தி, ஷாக் பொருந்தும் இரு துளைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை 160 மில்லிமீட்டருக்குக் கொண்டு வந்தோம். இது 210 இலிருந்து 50 கழிந்த நிலை. டயருக்கும் இருக்கைக் குழாய்க்கும் நடுவே ஏறத்தாழ 8 மி.மீ. இடைவெளி இருந்தது. பின் 155க்குக் கொண்டு வர முயன்றோம். அந்நிலையை எட்டும் முன்பே டயர் குழாயில் முட்டி நின்றது. மலைச்சரிவில் வேகமாக இறங்கும்போது இது நிகழ்ந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்டுநர் தூக்கி எறியப்படலாம். வளையத்தை எடுக்கும் எண்ணம் அங்கேயே கைவிடப்பட்டது. இடம் இருந்திருப்பினும், காற்றை முழுமையாக வெளியேற்றாமல் காற்று அறையைத் திருகித் திறப்பது ஆபத்து. எஞ்சிய அழுத்தம் அதைத் தெறிக்கச் செய்யும்.

மொழியியலில் ஓர் அலகின் மதிப்பு அதனுள் இல்லை, அமைப்பில் அது பிறவற்றோடு கொள்ளும் உறவில் உள்ளது என்று படிக்கிறோம். 50 என்ற எண்ணும் அத்தகையதே. ஷாக்கின் மீது அச்சிடப்பட்டிருப்பினும், அது ஷாக்குக்கும் சட்டத்துக்கும் இடையேயான ஓர் உடன்பாடு. செய்யுளில் எழுத்து அளபெடுப்பது பெரும்பாலும் ஓசை குறையும் இடத்தில். விரும்பிய இடத்திலெல்லாம் நீட்டினால் யாப்பு சிதையும். இங்கு யாப்பின் இடத்தில் இருப்பது சட்டம்.

யாதவகிரி ஆலை 1996 இல் மூடப்பட்டது. ஜாவா என்ற பெயர் 2018 இல் வேறு நிறுவனத்தின் வழியே மீண்டபோது 'பெராக்' என்ற பெயரும் மீண்டது. ஆனால் இன்றைய பெராக்கில் இருப்பது ஊசலாடும் கவையும் ஒற்றை ஷாக்கும். குழலுக்குள் ஏறி இறங்கிய வில் போயிற்று. வில்லின் பெயர் நிலைத்தது.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். அவ்வாலையிலோ, ஜாவா, யெஸ்டி பழுதுபார்த்த மைசூருப் பட்டறைகளிலோ பணியாற்றியோர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், ஷாக், கவை, புஷ் ஆகியவற்றுக்கு அவர்கள் வழங்கிய கன்னட, தமிழ், உருதுச் சொற்களைக் கேட்டுப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அத்தலைமுறை நம்மிடையே இருக்கும்போதே அச்சொற்கள் பதிவாக வேண்டும்.