வேதாளமும் வினாவும்

தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டெனக் கொண்டு, அவற்றுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கும் அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களங்கள் என்பது அவர் கொள்கை. அஞ்சத்தக்கவற்றை அறிந்த மாந்தர் அவற்றை விட்டு விலகி நடப்பதே இயல்பாகும். ஆயினும், அந்நான்கனுள் முதலாவதாகிய அணங்கினை மாத்திரம் மக்கள் தாமே விரும்பித் தேடிச் செல்லும் வழக்கம் மிகப் பழமையானது. பேய்க்கதை கேட்ட சிறுவன் அன்றிரவு வளவிற்குள் இறங்க அஞ்சித் தாயின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொள்வான். மறுநாள் மாலை அதே கதையை மீண்டும் கேட்டு நச்சரிப்பான்.

யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் இக்காலத்தில் அச்சிறுவனைப் போலவே கணினியின் முன் அமர்கின்றனர். அவர்கள் விரும்பியாடும் விளையாட்டுக்களுள் ஒருவகை, அறிவியற் கற்பனையும் பேரச்சமும் புதிரும் வீரச்செலவும் ஒருங்கே விரவியது. ஆடுபவன், ஆளற்ற விண்கலத்திலோ ஆழ்கடல் நிலையத்திலோ தனித்து விடப்பட்ட ஒருவனாகத் தன்னைக் கருதிக்கொள்ளல் வேண்டும். இருளில் ஏதோ ஒன்று உலாவுகின்றது. பூட்டிய கதவின் மறைவெண்ணைக் கண்டறிந்தாலன்றி அப்பாற் செல்லல் இயலாது. இதனை மேனாட்டுப் பித்து என ஒதுக்கும் பெரியோர் உளர். அப்பித்து மேனாட்டார்க்கே உரியதன்று என்பதை அவர்தம் பாட்டிமாரே அறிவர்.

மயானமும் பிணமும் புதிரும் நெடுவழியும் ஒன்றாய் அமைந்த வேதாளக் கதையே இதற்குத் தக்க சான்று. 11ஆம் நூற்றாண்டிற் காசுமீரத்து அரசி சூரியமதியின் பொருட்டுச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் இக்கதைகள் உள்ளன. அங்கே அரசன் பெயர் திரிவிக்கிரமசேனன். அவன் நகர் கோதாவரிக் கரையிலுள்ள பிரதிட்டானம். பிற்காலத்தார் அவனை விக்கிரமாதித்தனாக்கினர். தமிழிற் புகுந்தபோது வேதாளம் முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டது. ஏறியது இறங்கவேயில்லை என்பதற்கு, சொன்ன சொல்லை மறந்து பழைய குணத்திற்கு மீள்பவரைக் குறித்து நம் ஊரில் வழங்கும் பழமொழியே போதும். சென்னையிற் கும்பினி அலுவலராயிருந்து, பின்னர் இலண்டனில் மருத்துவராகிக் குரல்வளையைப் பார்க்கும் கருவியொன்றையும் அமைத்த பெஞ்சமின் கை பாபிங்டன், தமிழ் வேதாளக் கதையை 1831இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1870இல் ரிச்சர்டு பர்ட்டன் வெளியிட்ட ஆங்கில நூலோ, தம் மனம் போனவாறு கூட்டியும் குறைத்தும் எழுதப்பட்டது. ஈழத்துச் சிறுவர்க்கு இக்கதையைக் கொண்டுவந்தவை பெரிய எழுத்துப் பதிப்புக்களும், 1947 யூலையில் தோன்றிய அம்புலிமாமாவுமே. உருவிய வாளோடு பிணத்தைத் தோளிற் சுமந்து செல்லும் அரசனின் உருவத்தை அவ்விதழில் வரைந்த ஓவியர் சங்கர் 2020இல் மறைந்தார். அவர் வரைந்த அவ்வுருவமின்றி விக்கிரமாதித்தனை நினைத்துப் பார்க்க நம்மிற் பலர்க்கு இயலாது.

கதையின் கட்டுக்கோப்பை நன்கு நோக்கல் வேண்டும். துறவி ஒருவன் நாடோறும் அரசனுக்கு ஒரு கனி கொடுக்கின்றான். பத்தாண்டு கழிந்தபின் குரங்கொன்று அக்கனியைக் கடிக்க, உள்ளிருந்து மாணிக்கம் வெளிப்படுகின்றது. அக்கொடைக்குக் கைம்மாறாக, தேய்பிறைப் பதினாலாம் இரவில் மயானத்து மரத்திலே தொங்கும் பிணத்தைக் கொணர்தல் வேண்டும். வழியில் வாய் திறத்தல் ஆகாது. பிணத்துட் புகுந்த வேதாளம் ஒரு கதை சொல்லி, இறுதியில் ஒரு வினாவை எழுப்புகின்றது. விடை தெரிந்தும் கூறாவிடின் அரசன் தலை வெடித்துச் சிதறும். கூறினாலோ மௌனம் கலையும். வேதாளம் மரத்திற்கு மீளும்.

இதனினும் இறுக்கமான விதியை எந்த விளையாட்டிலும் காண்டல் அரிது. ஈண்டு ஒரு வேறுபாடும் உண்டு. கணினி விளையாட்டில் தவறு செய்தவனே தொடங்கிய இடத்திற்குத் திரும்ப வேண்டும். வேதாளக் கதையிலோ சரியாக விடை கூறியவனுக்கு அத்தண்டனை. அறிவுடைமையே அரசனை மீண்டும் மீண்டும் மயானத்திற்கு இழுக்கின்றது. கேட்போரும் அவனோடு நடக்கின்றனர். வேதாளம் வினாவை எழுப்பியதும், கதை சொல்லும் பாட்டி சற்றே நிறுத்துவாள். அவ்வேளையிற் பிணத்தின் குளிர்ச்சியும் நரியின் ஊளையும் மறைய, திண்ணையிலிருந்த அத்தனை பேரும் விடையைத் தேடத் தொடங்குவர். அச்சம் அவர்களை விழித்திருக்கச் செய்தது. வினா அவர்களைக் கதைக்குள் இழுத்தது. யாழ்ப்பாணத்தார் நொடி என்றும் ஏனையோர் விடுகதை என்றும் வழங்குவதைத் தொல்காப்பியனார் பிசி எனச் செய்யுள் வகையுள் வைத்தெண்ணினார். பொழுதுபோக்கெனக் கருதப்படும் நொடிக்கு உயிரையே பணயமாக வைத்தமைதான் வேதாளக் கதையை ஆக்கியோரின் திறம்.

வினாவற்ற அச்சம் யாது செய்யும் என்பதற்கு மணிமேகலையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. சார்ங்கலன் என்னும் பார்ப்பனச் சிறுவன் சுடுகாட்டை ஊரென எண்ணித் தனியே புகுகின்றான். பிணத்தின் தலையை ஏந்தி ஆடும் பேயைக் காண்கின்றான். ஓடிவந்து தாயிடம் முறையிட்டவாறே உயிர் துறக்கின்றான். அவனிடம் எவரும் எதையும் வினவவில்லை. அஞ்சுவதன்றி அவனுக்கு வேறு தொழில் இல்லாமற் போயிற்று. அதே காப்பியத்தில், துயிலும்போது தெய்வத்தால் எடுத்துச் செல்லப்பட்ட மணிமேகலை, மணிபல்லவத்தின் மணற்கரையில் அறியாத இடத்தே தனியளாய் விழிக்கின்றாள். அவளும் அஞ்சுகின்றாள், அழுகின்றாள். ஆயின் அத்தீவு அவளுக்கு ஒரு புதிராகின்றது. நடக்கின்றாள், பீடிகையைக் காண்கின்றாள், தன் முற்பிறப்பை அறிகின்றாள். நயினாதீவே அம்மணிபல்லவம் எனக் கொள்ளும் அறிஞரும் உளர். அவர் கொள்கை பொருந்துமாயின், ஆளற்ற தீவிற் புதிரவிழ்க்கும் கதையொன்றன் களம் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறிச் சென்று காணும் தொலைவிலேயே உள்ளது.

ஆளற்ற தீவொன்றிற் பெயரற்ற ஒருவன் தனியே நிற்க, ஏடுகளையும் பொறிகளையும் ஆராய்ந்து நிகழ்ந்ததைக் கண்டறியும் விளையாட்டை 1993இல் அமெரிக்காவில் மில்லர் உடன்பிறந்தார் இருவர் மிஸ்ட் என்னும் பெயரால் வெளியிட்டனர். அதில் அடிப்பாரும் இல்லை, இறப்பாரும் இல்லை. எனினும் கணினி விளையாட்டுக்களுள் அதுவே பல்லாண்டுகளாக மிகுதியாய் விலைப்பட்டது. அதற்கும் முன்னர், 1970களின் நடுவில், வில் குரவுதர் என்பார் தாம் நுழைந்து பழகிய கெந்தக்கிக் குகையை வெறுஞ் சொற்களாலேயே கணினியில் அமைத்துத் தம் பெண்மக்களுக்கு விளையாடக் கொடுத்தார். 1996இல் யப்பானியர் வெளியிட்ட ரெசிடென்ட் ஈவிலில், நடமாடும் பிணங்கள் நிறைந்த மாளிகையிற் சாவியும் சின்னமும் தேடுதல் ஆடுபவன் தொழிலாயிற்று. மயானம் மாளிகையாயிற்று, வேதாளம் பலவாயிற்று, வேறு மாற்றம் அதிகமில்லை.

மேற்கூறியவற்றினும் சிறப்பாக ஆராயத்தக்கது, சுவீடன் நாட்டு விறிக்சனல் கேம்ஸ் நிறுவனத்தார் 2015இல் வெளியிட்ட சோமா என்னும் விளையாட்டு. தொரந்தோ நகரத்துச் சைமன் என்பவன் மூளைக் காயத்திற்கு மருத்துவம் பெறும்பொருட்டுத் தன் மூளையைப் படம்பிடிக்க இசைகின்றான். கண் விழிக்கும்போது ஆண்டு 2104. இடம் அத்திலாந்திக் கடலின் அடி. வால்வெள்ளி மோதி மேலுலகம் அழிந்துவிட்டது. விழித்தவனோ சைமன் அல்லன். அப்படத்தினின்று எழுப்பிய படியே அவன். பின்னர் அவனது மனம் வேறோர் உடலுக்குப் பெயர்க்கப்படுகின்றது. பெயர்க்கப்படுகின்றதா, படியெடுக்கப்படுகின்றதா என்பதே சிக்கல். புதிய உடலில் அவன் எழும்போது பழைய உடலும் உயிருடனே இருக்கையில் துயில்கின்றது. இருவருள் யார் சைமன்?

வேதாளம் இவ்வினாவை முன்னமே எழுப்பிவிட்டது. சோமதேவர் நூலின் ஆறாங் கதையில், கணவனும் உடன்பிறந்தானும் தேவி கோயிலில் தம் தலைகளை அரிந்துகொள்ள, தேவியருளால் அவர்களை எழுப்பும் மதனசுந்தரி பதற்றத்தில் தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகின்றாள். எழுந்த இருவருள் எவன் அவள் கணவன்? கணவன் தலையைத் தாங்கியவனே கணவன். உறுப்புக்களுள் தலையே தலைமையுடையது என்பது அரசன் விடை. 1940இல் செருமானிய ஆசிரியர் தோமசு மான் இதனைக் குறுநாவலாக்கினார். 1971இல் கிரீசு கர்நாடு கயவதனம் என்னும் கன்னட நாடகத்திற் கையாண்டார். தலையே ஆள் என்னும் அரசன் தீர்ப்பு சோமாவிற் செல்லாது. அங்கே தலையினுள் இருந்தது இரண்டாகிவிட்டது. தொல்காப்பியனார் மருட்கைக்கு நிலைக்களமாகப் புதுமை, பெருமை, சிறுமை என்பவற்றோடு ஆக்கம் என்பதையும் கூட்டி, உரையாசிரியர் அதனை ஒன்று வேறொன்றாய்த் திரிதல் என விளக்கியமை ஈண்டு நினைத்தற்குரியது. அறிவியற் கற்பனை என இன்று பெயர்பெறுவதன் பெரும்பகுதி மருட்கையே.

சோமாவின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி இக்கட்டுரைப் பொருளுக்கு மிகவும் துணையாவது. 2017இல் அந்நிறுவனத்தார் அவ்விளையாட்டில் வேறொரு முறையையும் சேர்த்தனர். அம்முறையில் ஆடினால் இருளில் உலாவும் உருவங்கள் ஆடுபவனைக் கொல்லமாட்டா. அச்சமே ஈர்ப்பின் முழுக் காரணமாயின் இம்முறைக்குப் பொருளே இல்லை. கொல்லாத பேயை நாடுவார் யார்? வினாவை நாடுவோர் உளர் என்பதனாலேயே அதனை அமைத்தனர் என்று கொள்ளல் தகும். எனினும் அச்சத்தை முற்றும் நீக்கினாரல்லர். உருவங்கள் அங்கேயே உலாவின. மயானமும் இருளும் இன்றி அவ்வினாவைப் பாடசாலை மேசையில் எழுப்பினால், அது தருக்கப் பயிற்சியாய் முடியுமேயன்றி இரவுத் துயிலைக் கெடுக்காது.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தார் ஒரு தடை எழுப்புதல் நியாயமே. அச்சத்திற்குப் பஞ்சமில்லாத மண் இது. 1990இல் மின்சாரம் அற்றபின் குப்பி விளக்கில் படித்த ஊர். 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் ஒருவர்மேல் ஒருவர் நெருக்குண்டு தென்மராட்சி நோக்கி நடந்த நாடு. விமான ஒலி கேட்டுப் பதுங்கு குழியில் இறங்கிய தலைமுறையினர், தம் பிள்ளைகள் நள்ளிரவில் விரும்பி ஆடும் விளையாட்டின் வெடியோசை கேட்டுத் திடுக்கிட்டு எழுவதும், இதில் என்ன இன்பம் என வெகுள்வதும் வியப்பன்று. ஆயின், பதுங்கு குழியில் இருந்தவர் எவரிடமும் எக்குண்டும் வினா எழுப்பியதில்லை. விடை கூறினால் விலகுவேன் என்று எதுவும் உடன்பட்டதில்லை. சார்ங்கலனுக்கு வாய்த்த அச்சமே அவர்களுக்கும் வாய்த்தது. அதற்கு விதி இல்லை. அதில் ஆடுபவனுக்குச் செயலும் இல்லை. கதையின் அச்சமோ உடன்படிக்கையொன்றோடு வருகின்றது. அந்த உடன்படிக்கையைத்தான் இளைஞர் நாடுகின்றனர் போலும். போரை அறியாதவரும் அறிந்தவர் வீட்டில் வளர்ந்தவரே.

சோமா தன் வினாவிற்கு விடை கூறாமலே முடிகின்றது. வேதாளமும் இறுதியில் அத்தகைய வினாவையே எழுப்பிற்று. தந்தையும் மகனும் காட்டு வழியிற் பெண்டிர் இருவரின் அடிச்சுவடுகளைக் காண்கின்றனர். பெரிய அடியுடையாள் தந்தைக்கு, சிறிய அடியுடையாள் மகனுக்கு என உறுதி செய்துகொள்கின்றனர். அணுகிப் பார்க்கையிற் பெரிய அடியுடையாள் மகள், சிறிய அடியுடையாள் அவள் தாய். சொன்ன சொல் தவறாது மணந்தனர். இரு திறத்தார்க்கும் மக்கள் பிறந்தனர். அம்மக்கள் ஒருவர்க்கொருவர் யாது முறை? தந்தையின் பிள்ளை மகனுக்குத் தம்பியாதலின் மகனின் பிள்ளைக்குச் சித்தப்பா. மகனின் பிள்ளையோ அவன் தாய்க்குத் தம்பியாதலின் அவனுக்கு மாமன். ஒருவன் சித்தப்பா என விளிக்க, மற்றவன் மாமா என மறுமொழி தரல் வேண்டும். முறை பிசகாது பேசும் யாழ்ப்பாணத்துத் திண்ணையில் இவ்வினா எழுந்தால் விடியுமட்டும் முடிவு காணல் அரிது. அரசன் நெடிது சிந்தித்தான். வாய் திறவாது நடந்தான். அம்முறை வேதாளம் மரத்திற்கு மீளாமல் அவன் தோளிலேயே இருந்தது.