கேமரா பார்க்காத வயர்

ஜீப் என்றால் வட்டக் கண். வனத்துறையும் காவல் நிலையமும் ஓட்டிய மஹிந்திரா ஜீப்பைப் பார்த்து வளர்ந்த யாரிடம் வரையச் சொன்னாலும் முதலில் இரண்டு வட்டம் போட்டுவிட்டுத்தான் நடுவில் கோடுகளை இழுப்பார்கள். அந்த முகத்தின் சொந்த ஊர் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்து டோலிடோ. அங்கிருந்த வில்லிஸ் நிறுவனத்தின் உரிமத்தோடுதான் மஹிந்திராவும் 1940களின் இறுதியில் ஜீப் வேலையைத் தொடங்கியது. இந்தக் குடும்பத்தில் செவ்வகக் கண்ணோடு ஒரு பிள்ளை பிறந்தது. 1986-ல் உற்பத்திக்கு வந்த ராங்லர். கம்பெனிக் குறியீடு ஒய்ஜே. பழைய ஜீப் பிரியர்கள் இதை ஜீப் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. உண்மையான ஜீப்புக்கு விளக்கு வட்டமாக இருக்கும் என்று வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள் உண்டு. இன்று பழைய வண்டிச் சந்தையில் ஆட்கள் தேடி அலைவது அந்தச் செவ்வகக் கண்ணனைத்தான்.

கனடாவின் பிராம்ப்டன் ஆலையில் அது உருவாகத் தொடங்கியது. 1987-ல் ஜீப்பின் உரிமை கிரைஸ்லர் கைக்குப் போனது. 1992-ல் தயாரிப்பும் டோலிடோவுக்கே திரும்பி வந்தது. இடையில், 1991 மாடலில், 180 குதிரைத்திறன் கொண்ட நான்கு லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின் ஏறியது. பாலைவனத்தின் பெயர் தாங்கிய சஹாரா என்ற ரகம், அதே ராங்லரின் கொஞ்சம் அலங்கரித்த உருவம். அந்த சஹாராக்களில் சில, 1992 ஆகஸ்டில் ஹவாயின் கவாய் தீவில் படப்பிடிப்புக்கு வந்து நின்றன. ஸ்பீல்பெர்க் எடுத்த ‘ஜுராசிக் பார்க்’. மைக்கேல் கிரைட்டன் 1990-ல் எழுதிய நாவலில் பூங்காவைச் சுற்றிக் காட்டும் வண்டிகள் டொயோட்டா லேண்ட் க்ரூஸர்கள். படத்தில் அந்த வேலை ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரருக்குப் போனது. பூங்கா ஊழியர்களின் வண்டியாக ஜீப் வந்தது. மணல் நிறம், அதன்மேல் சிவப்புக் கோடுகள், கதவில் டைனோசர் எலும்புச் சின்னம், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். செப்டம்பர் 11 அன்று இனிகி புயல் கவாயைப் புரட்டிப் போட்டதையும் தாண்டி, 1993 ஜூனில் படம் திரைக்கு வந்தது.

படம் பார்த்தவர்களுக்கு 12-ஆம் எண் ஜீப் மறந்திருக்காது. களவாடிய கருக்களோடு மழை இருட்டில் ஓடும் பூங்கா ஊழியன் நெட்ரி, சரிவில் மாட்டிக்கொண்டு, முன்னால் இருக்கும் வின்ச் கம்பியை இழுத்து மரத்தில் கட்டுவான். திரும்பி வந்து வண்டிக்குள் ஏறியதும் அவன் கதை முடிந்துவிடும். டி-ரெக்ஸ் துரத்துவது 10-ஆம் எண் ஜீப்பை. கண்ணாடியில் தெரிவது தெரிவதைவிட அருகில் இருக்கிறது என்ற எச்சரிக்கைக்கு மேலே அந்த வாய் திறந்து வரும். 2015-ல் வந்த ‘ஜுராசிக் வேர்ல்ட்’ படத்தில், இரண்டு சிறுவர்கள் பாழடைந்த கட்டடத்தில் தூசி படிந்த 29-ஆம் எண் ஜீப்பைக் கண்டு மறுபடி ஓட வைக்கிறார்கள். அமெரிக்காவில் அந்த வேலையைத் தங்கள் கார் ஷெட்டில் செய்துகொண்டிருந்தவர்கள் அதற்கு முன்பே ஏராளம்.

எங்கோ ஒரு வீட்டுக் கொல்லையில் சேஸிஸில் துரு ஏறிக் கிடக்கும் ஒய்ஜே ஒன்று அவர்கள் கைக்கு வருகிறது. துருவைச் சுரண்டி, பற்றவைத்து, மணல் நிறம் அடித்து, கோடு வெட்டி ஒட்டி, எண் போட்டால் பார்ப்பவர்களுக்கு அது ஜுராசிக் பார்க் ஜீப்தான். நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த இடத்தில் வண்டி இன்னும் பிறக்கவில்லை. தலைக்கு மேல் விளக்குகள், முன் பம்பரில் வின்ச், பின்னால் ஆடும் நீள ஏரியல் எல்லாம் ஏறி, ஏறியவை வேலையும் செய்ய வேண்டும். சினிமாவுக்கு ஒரு விளக்கு ஒரு ஷாட் எரிந்தால் போதும். வயர் எங்கே ஓடுகிறது என்று கேமரா எட்டிப் பார்ப்பதில்லை. சொந்தக்காரருக்கு அது மழையிலும் புழுதியிலும், கதவும் கூரையும் கழற்றிய வண்டியில், வருடக்கணக்காக எரிய வேண்டும்.

மேலே நான்கு விளக்கு, ஒவ்வொன்றும் 100 வாட் ஹாலஜன் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் 400 வாட் என்றால் 33 ஆம்பியருக்கு மேல். டேஷ்போர்டில் உள்ள சின்ன ஸ்விட்ச் வழியாக இதைக் கொண்டுபோனால் ஸ்விட்ச் உருகும். ஒய்ஜேயில் ஹெட்லைட் மின்சாரமே ஸ்விட்ச் வழியாகத்தான் போய் வருகிறது, அதற்கே அந்த ஸ்விட்ச் சூடாகிவிடும். ஆகவே ரிலே. இரண்டு விளக்குக்கு ஒன்றாக இரண்டு ரிலே. அதன் கால்களில் 30, 85, 86, 87 என்ற எண்கள். ஜெர்மன் தரநிர்ணயத்தில் பிறந்தவை. நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கும் ரிலேயைத் திருப்பிப் பாருங்கள், அதே எண்கள்தான். 85, 86 உள்ளே இருக்கும் சுருளுக்கு. கால் ஆம்பியர்கூடத் தேவையில்லை. ஸ்விட்ச் அந்தச் சுருளை மட்டும் தட்டி எழுப்பும். சுருள் காந்தமாகி, பேட்டரியிலிருந்து 30-க்கு வந்து நிற்கும் பெரிய மின்சாரத்தை 87 வழியாக விளக்குக்கு அனுப்பும். விவரம் தெரிந்தவர்கள் ஸ்விட்சுக்கு வரும் மின்சாரத்தை ஹைபீம் வயரிலிருந்து எடுப்பார்கள். எதிரே வண்டி வந்து டிம் அடித்தால் மேல் விளக்கும் சேர்ந்தே அணையும்.

ஃபியூஸ் எங்கே இருக்க வேண்டும் என்பதில் பலர் தவறுகிறார்கள். விளக்குக்குப் பக்கத்தில் அல்ல, பேட்டரிக்குப் பக்கத்தில். அது காப்பாற்ற வேண்டியது வயரை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரைக்கும் உள்ள துண்டு பாடியில் உரசி ஷார்ட் ஆனால் அதைத் தடுக்க யாரும் இல்லை. அந்தத் துண்டு ஒரு சாணுக்குள் அடங்கினால் நல்லது. இரண்டு விளக்குக்கு 25 ஆம்பியர் ஃபியூஸ், 4 சதுர மில்லிமீட்டர் வயர். மெல்லிய வயர் போட்டாலும் விளக்கு எரியும், ஆனால் அழுது வடியும். ஹாலஜனுக்கு வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும். எல்.இ.டி. போட்டால் இந்தத் தொல்லைகளில் பாதி போய்விடும் என்பார்கள், உண்மைதான். ஆனால் 1992-ன் இரவுக்கு அந்த நீலம் கலந்த வெள்ளை பொருந்தாது. மழைக்குள் அந்த மஞ்சள் விழுவதற்காகத்தானே இத்தனை பாடும்.

வேலை தொடங்கும்போது முதலில் கழற்ற வேண்டியது பேட்டரியின் நெகட்டிவ். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் வெல்டிங் பொறிதான். பிறகு, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் துளை. அந்தத் துளையின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். ரப்பர் வளையம் போடாமல் வயரை நுழைத்தால், கரடுமுரடான பாதையின் ஒவ்வொரு குலுக்கலும் இன்சுலேஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் புகை வரும். அதற்குள் துளை போட்ட கதையே மறந்திருக்கும். வளையம் காசில் ஒன்றுமில்லை. அதைப் போடாத வண்டியில் எவ்வளவு அழகான பெயின்ட் இருந்தாலும் எனக்கு மதிப்பு வருவதில்லை.

அங்கிருந்து வயர் மேலே ஏற வேண்டும். விளக்குப் பட்டை ரோல் பாரில் இருந்தால் அதன் பஞ்சு உறைக்குள் ஒளிந்து போகலாம். முன் கண்ணாடிச் சட்டத்தில் இருந்தால் வேறு கணக்கு. இந்த ஜீப்பில் அந்தச் சட்டத்தையே முன்னால் மடக்க முடியும். கீல் இருக்கும் இடத்தில் வயருக்குத் தொங்கல் விடாவிட்டால் மடக்கும் முதல் நாளே இழுபட்டு அறும். இணைப்புகளைச் சால்டர் வைப்பதா, லக் போட்டு அழுத்துவதா என்ற சண்டை எல்லா ஷெட்டிலும் உண்டு. நான் அழுத்துபவர்கள் பக்கம். சால்டர் ஏறிய வயர் விறைத்துவிடும், விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு தாங்காமல் முறியும். எர்த்துக்குப் புதுப் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பைக் காட்ட வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் தேய்த்துப் பூசியவருக்கு அது நெஞ்சைச் சுரண்டுவது போலத்தான். சுரண்டாமல் விட்டால், விளக்கு எரியவில்லை என்று ரிலே, ஃபியூஸ், பல்பு எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்.

வின்ச்சுக்கு ரிலேயெல்லாம் போதாது. 3,600 கிலோ இழுக்கும் மின் வின்ச் முழுப் பளுவில் 400 ஆம்பியரைத் தொடும். வண்டியின் ஆல்டர்னேட்டரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, பேட்டரிதான் கரைந்து கொடுக்கும். கட்டைவிரல் தடிமனான கேபிள் பேட்டரியிலிருந்து நேராகப் போக வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி இழுக்க வேண்டும். நெட்ரிக்கு அந்தப் பொறுமை ஏது?

ஏரியல் வெறும் அலங்காரம் என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. வண்டிக்கு வண்டி பேசும் சி.பி. ரேடியோவோடு இணைப்பவர்களுக்குத்தான் அதன் நீளத்தின் காரணம் தெரியும். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 11 மீட்டர், அதில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு அந்தக் கம்பி, சுமார் 2.6 மீட்டர். அமெரிக்காவில் 40 சேனல், சாதாரணப் பேச்சுக்கு 4 வாட் வரை அனுமதி. அடிப்பகுதி பாடியோடு நன்றாக எர்த் ஆகாவிட்டால் அனுப்பிய சக்தி ரேடியோவுக்கே திரும்பிவந்து அதைச் சுடும்.

எல்லாம் முடிந்து பேட்டரியின் நெகட்டிவை மறுபடி மாட்டும் நேரம் பெரும்பாலும் இரவாகத்தான் இருக்கும். ஷெட் விளக்கை அணைத்துவிட்டு ஹைபீம் போட்டு ஸ்விட்சைத் தட்டுவார்கள். பானெட்டுக்குள் டக் டக்கென்று இரண்டு ரிலேயும் ஒன்றன்பின் ஒன்றாக விழும். நான்கு மஞ்சளும் ஒருசேர எழுந்து எதிர்ச்சுவரில் கதவுச் சட்டத்தின் நிழலைப் பெரிதாக எறியும். சிறிது நேரம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு அணைத்துவிட்டு, நான்கு கறுப்பு மூடிகளை எடுத்து விளக்குகளின்மேல் ஒவ்வொன்றாக மாட்டுவார்கள். கலிஃபோர்னியாவில் இவற்றைப் பொதுச் சாலையில் எரியவிடக் கூடாது, மூடி போட்டுத்தான் ஓட்ட வேண்டும். நாளைக் காலை பெட்ரோல் போட வண்டி வெளியே போகிறது.